மூன்று மேகலாக்கள்

ஆம்பூர்க் காலணித் தொழிற்சாலை ஒன்றில் தோலுக்குப் பசை பூசும் மேகலாவின் விரல்களில் மாலைதோறும் இன்னொரு தோல் முளைத்திருக்கும். ‘சொல்யூஷன்’ என்று அவர்கள் சொல்லும் பசை காய்ந்து படிந்த மெல்லிய ஏடு அது. வீடு திரும்பும் பேருந்தில் ஜன்னலோரம் அமர்ந்து அதை மெதுவாக உரிப்பாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், அவளுடைய ரேகைகள் அதில் அப்படியே சுழன்று கிடக்கும். ஊதினால் பாலாற்றுப் பக்கம் பறந்துபோகும். அது இறங்கும் இடத்தில் இன்னொரு மேகலா எழுந்து நடப்பாள் என்று விளையாட்டாக நினைத்துக்கொள்வாள்.

ஒருநாள் அந்த விளையாட்டு மெய்யானது. பெண் காவலர் ஒருவர் தொழிற்சாலைக்கே வந்து அழைப்பாணை தந்தார். மேகலாவின் பெயரில் உள்ள எண்ணிலிருந்து பேசிய யாரோ, விரிஞ்சிபுரத்துக் கமலம் என்பவரை ஏமாற்றி அவருடைய சேமிப்பை வழித்தெடுத்துவிட்டார்களாம். மறுநாள் நிலையத்துக்கு வர வேண்டும். பேசியது தான் அல்ல என்று காட்ட முடியாவிட்டால், வழக்கில் மேகலாவின் பெயர் ஏறிவிடும்.

அப்படியோர் எண் இருப்பதே அவளுக்குத் தெரியாது. உணவு இடைவேளையில், எதிர்மேசைத் தோழி ஷஹீன் பானு, ஒருவர் பெயரில் எத்தனை எண்கள் உள்ளன என்று காட்டும் அரசுத் தளத்தைத் திறந்தாள். மூன்று எண்கள் வந்து நின்றன.

“கூடப் பொறந்ததுங்க ரெண்டு இருக்கே. இத்தன நாளா எங்க ஒளிச்சு வெச்சிருந்த?”

மேகலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. தன் முகத்தோடு இருவர் முன்பின் தெரியாத தெருக்களில் நடந்து, கதவுகளைத் தட்டுவது கண்ணில் தெரிந்தது. அவர்கள் எந்த வாசலிலிருந்து புறப்பட்டார்கள்? அப்போதுதான் தொழிற்சாலை வாசலில் வண்ணக் குடை விரித்து சிம் விற்றவன் நினைவுக்கு வந்தான். “ரேகை விழலக்கா, இன்னொரு தபா வைங்க” என்றான். வைத்தாள். மறுபடியும் கேட்டான், மறுபடியும் வைத்தாள். ஒவ்வொரு முறை வைத்தபோதும் ஓர் எண் அவள் பெயரில் பிறந்திருக்கிறது.

வேறு யாராவது என்றால் சந்தேகப்பட்டிருப்பார்கள். பசை பூசுகிறவர்களுக்கோ ரேகை விழாதது அன்றாடம் காணும் பேஜார். வருகைப் பதிவு எந்திரமே அவர்களை நாள்தோறும் கெஞ்ச வைக்கும். முந்தானையில் விரலைத் துடைத்து மீண்டும் அழுத்துவார்கள், ஏனென்று கேட்பதில்லை.

ஷஹீன் பானுவும் அதே குடைக்கடியில்தான் வாங்கியிருந்தாள். அவள் பெயரில் இரண்டு எண்கள் இருந்தன. கைப்பேசி மேசை மேசையாக நகர, அநேகமாக ஒவ்வொரு பெண்ணுக்கும் அறியாத உடன்பிறப்பொன்று கிடைத்தது.

மறுநாள் காவல் ஆய்வாளர் கேட்டார்: “உன் கைரேகை பதிஞ்சிருக்கே. இன்னாம்மா சொல்ற?”

மேகலா பசையேறிய பெருவிரலை நீட்டி நடந்ததைச் சொன்னாள். அவளோடு வந்து பின்னால் நின்ற தொழிற்சாலைப் பெண்கள் தங்கள் பெயரில் இருந்த எண்களைக் காட்டினார்கள். எல்லாவற்றையும் விற்றவன் ஒருவனே என்று சிம் நிறுவனத்தின் ஆவணங்கள் காட்டின. ஆய்வாளர் அவனைத் தேட ஆளனுப்பினார். குற்றம் சாட்டப்பட இருந்தவளின் பெயர், புகார் கொடுத்தவர்களின் வரிசையில் முதலில் ஏறியது.

வெளியே வந்ததும் அந்த இரண்டு எண்களும் தன்னுடையவை அல்ல என்று தளத்தில் பதிவு செய்தாள். வேறு யாரும் பயன்படுத்த முடியாதபடி ஆதாரில் கைரேகையையும் பூட்டினாள்.

“தேவப்படறப்ப தொறந்துக்கலாம்” என்றாள் ஷஹீன் பானு. “இனிமே எவனாச்சும் விழலன்னு சொன்னா, முதல் தபா வெச்சது எங்க போச்சுன்னு கேளு.”

அன்றைய பேருந்தில் மேகலா ஏட்டை உரித்தாள், ஊதவில்லை. ரேகைகள் அழியும்வரை விரல்களுக்கிடையே உருட்டினாள். வெளியே பாலாற்று மணலில், அவள் முகத்தோடு இரண்டு பெண்கள் களைத்துப்போய்ப் பேருந்தை நோக்கி வருவதுபோல் இருந்தது. அவர்களுக்கு இடம் விட்டு, ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்தாள்.