வடக்குக் கோலின் இடது கம்பம்

கூட்டத்தில் என்னைத் தவிர ஐந்து பேர் இருந்தார்கள். பெண்கள் கால்பந்துக் கண்டக் கோப்பைக் குழுவின் செயலாளர் அருளப்பன், பூத்துவாலை விரித்த நாற்காலியில், வாசலைப் பார்த்து. ஸ்டோர் கீப்பர் ஜெயசீலி, திறந்த பீரோவுக்குள், இரண்டாவது தட்டில். நடுவர், சன்னல் திட்டில், மைதானத்தைப் பார்த்து. வெளியே காலிறுதி ஆட்டம் நடந்துகொண்டிருந்ததால் அவரால் முகத்தைத் திருப்ப முடியவில்லை. எதிரணி நாட்டின் பிரதிநிதி, சட்டை மாட்டும் ஆணியில். அந்த நாட்டின் பெயர் இன்னும் முடிவாகவில்லை. என் தங்கை புருஷன் வேலுச்சாமி, கதவோரம், தரையில்.

எனக்கு நாற்காலி இல்லை. மனுதாரர் நிற்க வேண்டும் என்றார்கள். நின்றேன்.

பொருள் இதுதான். என் தங்கை செண்பகவல்லி போன செவ்வாய்க்கிழமை முதல் வடக்குக் கோலின் இடது கம்பமாக நிற்கிறாள். அவளை அங்கிருந்து எடுத்து ஆட்டத்தில் இறக்க வேண்டும். இதைக் கேட்டு ஆறு கடிதம் எழுதினேன். ஆறுக்கும் பதில் இல்லை. ஏழாவது கடிதத்துக்குக் கூட்டம் போட்டார்கள்.

செண்பகவல்லி விளையாட வந்தவள். நம் நாட்டுப் பெண்கள் அணியின் இருபத்துமூன்று பேரில் ஒருத்தி. இடது ஓரத்தில் ஓடுபவள். பதினோரு வருஷம் ஓடிய பிறகு இந்தக் கோப்பைக்குத்தான் முதல்முறையாக அவள் பெயர் பட்டியலில் வந்தது. பத்தொன்பதாம் எண் சட்டையை இன்னும் பிளாஸ்டிக் உறையிலிருந்து பிரிக்கவில்லை. கோல் கம்பங்களை ஏற்றி வந்த லாரியில் நான்குக்குப் பதில் மூன்றுதான் இருந்தன. குறைந்த ஒன்றுக்கு இவளை நிறுத்தி வெள்ளை பெயின்ட் அடித்துவிட்டார்கள். இரண்டு கோட்டு.

கம்பத்துக்கு எட்டடி உயரம் வேண்டும். இவள் ஐந்தடி பத்து. அன்று சாயங்காலத்துக்குள் எட்டடி ஆகியிருந்தாள். அதற்கும் எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஜெயசீலி பீரோவுக்குள் இருந்தபடியே பதிவேட்டைப் புரட்டினார். வீராங்கனைகள் பதிவேட்டில் செண்பகவல்லி இல்லை. தளவாடப் பதிவேட்டில் இருந்தாள். கம்பம், இடது, வடக்கு, ஒன்று.

“ஒரே ஆள் ரெண்டு ரிஜிஸ்டர்ல இருக்க முடியாது சார்,” என்றார்.

“அப்ப இதுல அடிச்சிட்டு அதுல எழுதுங்க.”

“இதுல அடிச்சா கோல் விழுந்துரும்.”

ஆணியிலிருந்த பிரதிநிதி தம் ஆட்சேபத்தைப் பதிவு செய்யச் சொன்னார். தங்கள் நாட்டில் கம்பங்களுக்குச் சொந்தக்காரர்கள் கிடையாது என்றார். இப்படி அண்ணன், புருஷன் என்று ஆட்கள் வந்து நின்றால் தங்கள் முன்கள வீராங்கனைகளுக்குக் குறி பார்க்கவே கூச்சமாக இருக்கிறதாம். செயலாளர் அது நியாயம் என்று எழுதிக்கொண்டார்.

கடைசி விசில் ஊதியதும் கம்பங்கள் லாரியில் ஏறும் என்று நடுவர் முதுகைக் காட்டியபடி சொன்னார். அடுத்த கோப்பை நான்கு வருஷம் கழித்து. அதுவரை கிடங்கில் படுக்கப் போட்டு வைப்பார்கள். எந்த ஊர்க் கிடங்கு என்று கேட்டேன். அது லாரிக்குத்தான் தெரியும் என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. நேரம் குறித்துக்கொண்டேன். எழுபத்தொன்றாவது நிமிடம்.

செண்பகவல்லி ஆட வந்த மனுஷி என்பதற்கு ஒரு சான்று கொண்டுவந்தால் பரிசீலிக்கலாம் என்று செயலாளர் சொன்னார். ஆவணப் பிரிவு நடைபாதையின் கடைசியில் இருந்தது. மூன்று சன்னல் தாண்டினால் போதும். நான் இரண்டாவது சன்னலைத் தாண்டியபோது, ஆட்டத்தில் யாரோ காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டதாகச் சொல்லி நடுவர் நடைபாதைக்கு ஆறு நிமிடம் கூட்டிக் கொடுத்தார். சன்னல்கள் இருபதாயின. ஓர் அறை வாசலில், கார்னர் கொடிகள் சாப்பிடப் போயிருக்கின்றன என்று பலகை தொங்கியது. கம்பத்துக்குச் சாப்பாட்டு நேரம் உண்டா என்று அங்கே விசாரித்தேன். கொடிகள் நிரந்தரப் பணி, கம்பம் தற்காலிகம் என்றார்கள்.

ஆவணப் பிரிவில் பேச்சிமுத்து என்று ஒரு குமாஸ்தா. எங்கள் பக்கத்து ஆள். அண்ணாச்சி என்று கூப்பிட்டு, நான் கேட்பதற்கு முன்பே ஒரு படிவத்தை எடுத்து வைத்தார். என் கையெழுத்து.

செண்பகவல்லி அணிக்குத் தேர்வானபோது குடும்பத்தார் நிரப்ப வேண்டிய படிவம் அது. ஒன்பதாவது கட்டத்தில் ‘வேறு தகுதிகள்’ என்று இருந்தது. அதில் நான் எழுதியிருந்தேன்: ‘பள்ளியில் காலை வழிபாடு முடியும்வரை ஆடாமல் அசையாமல் நிற்பாள். வெயிலில் ஒருநாளும் மயங்கி விழுந்ததில்லை. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்க வைக்கலாம்.’

எந்தக் கட்டத்தையும் காலியாக விடக் கூடாது என்று எங்கள் பள்ளியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நான் விட்டதில்லை.

“எழுத்து முத்து முத்தா இருக்கு அண்ணாச்சி,” என்றார் பேச்சிமுத்து. “இதக் காட்டித்தான் மத்த நாட்டுக்காரங்களுக்கு பாரம் நெரப்பச் சொல்லிக் குடுக்கோம்.”

அதைத் திருப்பிக் கேட்டேன். கம்பத்தோடு சேர்ந்த ஆவணம், கம்பம் இருக்கும்வரை இருக்கும் என்றார். அடித்துத் திருத்தவாவது கொடுங்கள் என்றேன். இவ்வளவு அழகான எழுத்தை அடிக்க மனசு வருமா என்று கேட்டுவிட்டு உள்ளே வைத்துப் பூட்டினார். அவர் மேசையில் ஓங்கி ஒரு குத்து விட்டேன். அதற்கு ஒரு ரசீது கொடுத்தார்.

திரும்பும்போது நடைபாதை வேறு வழியாக முடிந்தது. வடக்குக் கோலுக்குப் பின்னால், வலையை ஒட்டி வெளியே வந்தேன். செண்பகவல்லி நின்றுகொண்டிருந்தாள். தலைமேல் குறுக்குக் கம்பி. இமையிலும் பெயின்ட்.

“அண்ணே, மூக்கு அரிக்குண்ணே,” என்றாள். உதடு மட்டும் அசைந்தது.

கையை நீட்டினேன். கோட்டோரம் நின்றவர் கொடியைத் தூக்கினார். கையை எடுத்துக்கொண்டேன்.

“நீ எதுக்கு இங்கன நிக்க? வா, வீட்டுக்குப் போவோம்.”

“எப்படி வர? நீங்கதான எழுதிக் குடுத்திருக்கீக. காமிச்சாக.”

“அது சும்மா எழுதுனதும்மா.”

“நீங்க எதையும் சும்மா எழுத மாட்டீகளே,” என்றாள்.

அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என்னை நாலு வார்த்தை வைதிருந்தால் நின்று கேட்டிருப்பேன்.

அப்போது எதிரணிக்காரி ஒருத்தி இருபதடியிலிருந்து உதைத்தாள். பந்து செண்பகவல்லியின் விலா எலும்பில் பட்டுத் திரும்பிப் போனது. அவள் அசையவில்லை. பட்ட இடத்தில் பெயின்ட் உரிந்து, உள்ளே கன்றிப்போன தோல் தெரிந்தது. அரங்கமே எழுந்து நின்று கை தட்டியது. கம்பத்தில் பட்டுத் திரும்பியவை பதினேழு என்று பலகையில் எண் மாறியது.

அறைக்குத் திரும்பினேன். வேலுச்சாமி தரையில் இல்லை. நாற்காலி போட்டு சன்னலோரம் உட்கார்ந்திருந்தார். இரண்டு கன்னத்திலும் கொடி வரைந்திருந்தார்கள். காலையில் என்னோடு பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தவர்.

“பாத்தீகளா மச்சான்? கம்பம் காப்பாத்திருச்சு.”

“அது உம்ம பொண்டாட்டி மாப்ள.”

“இருக்கட்டும் மச்சான். இன்னும் பத்து நிமிசந்தான். இப்ப எடுத்தா நாம தோத்துருவோம்.”

அவர் சட்டையைப் பிடித்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. சட்டை மட்டும் என் கையோடு வந்தது. அடியில் இன்னொரு சட்டை போட்டிருந்தார், நம் அணியின் நிறத்தில்.

செயலாளர் எழுந்து என் கையைக் குலுக்கினார். நான் இல்லாத நேரத்தில் ஒருமனதாகத் தீர்மானம் போட்டுவிட்டார்களாம். இந்தக் கோப்பையில் நம் நாட்டின் மிகச் சிறந்த ஆட்டம் இடது கம்பத்துடையது. முடிந்ததும் லாரியில் ஏற்றுவதற்கு முன் பொன்னாடை போர்த்துவார்கள். இனி எந்த நாட்டில் கோப்பை நடந்தாலும் அவளையே நிறுத்துவதென்றும் முடிவு. சான்று கிடைத்ததா என்று அவர் கேட்கவில்லை.

“குடும்பத்து சார்பா ஒரு நன்றிக் கடிதம் மட்டும் குடுத்துருங்க,” என்றார். “நீங்க நல்லா எழுதுவீங்கல்ல.”

ஒரு தாளும் ஒரு உறையும் கொடுத்தார். எண்பத்தாறாவது நிமிடம்.

ஏழு கடிதத்தையும் இவர்களுக்கே எழுதியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. பீரோவில் சாய்ந்து நின்றபடி எழுதினேன். தேதி போடவில்லை. பொருள், பார்வை போடவில்லை. ஓரம் விடவில்லை.

‘செண்பகம், நான் எழுதிக் கொடுத்தது தப்பு. கட்டம் காலியாக இருந்தது, நிரப்பினேன். மூக்கைச் சொறிந்துகொள். அப்புறம் நடந்து வந்துவிடு. மேலே இருக்கிற கம்பி விழுந்தால் விழட்டும். கோல் போனால் போகட்டும். யாராவது மறித்தால், அண்ணன் எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று சொல். இதைச் சும்மா எழுதவில்லை.’

கோந்து கேட்டேன். ஜெயசீலி அதற்குத் தனியாக விண்ணப்பம் கேட்டார். எச்சில் தொட்டு ஒட்டினேன். நிறைய எச்சில் இருந்தது.

கம்பத்துக்கு எப்படி அனுப்புவது என்று கேட்டேன். தபாலோ ஆளோ போக முடியாது, ஆட்டம் நடக்கும்போது கம்பத்தைத் தொட பந்துக்கு மட்டும்தான் அனுமதி என்றார் நடுவர்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் பந்து சன்னல் வழியாக உள்ளே வந்து மேசைமேல் நின்றது. பின்னாலேயே நம் அணித் தலைவி ரோஸ்லின் ஏறிக் குதித்து வந்தாள். முழங்காலெல்லாம் சேறு. பந்து எங்கே நிற்கிறதோ அங்கிருந்துதான் உதைக்க வேண்டும் என்பது விதி. செயலாளரின் கோப்புகளைக் காலால் ஒதுக்கிவிட்டு மேசைமேல் ஏறினாள்.

நான் உறையை நீட்டினேன். அவள் என்னைப் பார்த்தாள். உறையைப் பார்த்தாள். தலையிலிருந்து ஒரு ஊசியை உருவி, பந்தின் தையலை நாலு விரல் அகலத்துக்குப் பிரித்தாள். உறையை மடித்து உள்ளே தள்ளினாள். தையலை இழுத்துப் பல்லால் முடிச்சுப் போட்டாள்.

“நம்ம கோலுதான அண்ணாச்சி, அது?”

“ஆமாம்மா. இடது கம்பம்.”

“உள்ள போயிருச்சுன்னா நம்ம தலையிலதான் கோல்.”

“தெரியும்.”

“அவளுக்கு வலிக்குமே.”

“தெரியும்மா. பதினெட்டாவது.”

பிரதிநிதி ஆணியிலிருந்து இறங்கப் பார்த்தார். வேலுச்சாமி என்னவோ கத்தினார். நன்றிக் கடிதம்தானே என்று செயலாளர் கேட்டார். ஆமாம் என்றேன். நடுவர் விசிலை வாயில் வைத்து மூச்சை இழுத்தார்.

ரோஸ்லின் மேசையின் விளிம்புவரை பின்னால் போனாள். நான் சன்னல் கதவை இரண்டு பக்கமும் தள்ளிப் பிடித்துக்கொண்டேன். அவள் ஓடிவந்து உதைத்தாள்.