ரீஸ்டார்ட் ஆகும் வரை

“நாலு… ஒண்ணு… அடுத்தது ஏழா ஒண்ணான்னு தெரியல டேடே. எழுத்து எறும்பு மாதிரி இருக்கு. பாபா கண்ணாடி போட்டாத்தான் தெரியும்.”

“அங்கதானே இருக்கும், எடுத்துப் போட்டுக்குங்க மாய் டினோ.”

“பெட்டிக்குள்ள வச்சிட்டாங்க.”

ஷுவாய் கைபேசியைக் காதிலிருந்து ஒரு விரல் தள்ளிப் பிடித்தாள். பிறகு சொன்னாள்: “ஏழுன்னு போட்டுப் பாக்கறேன். மிச்சத்தச் சொல்லுங்க.”

மாய் டினோ அவள் அண்ணன் தஃபாராவின் மனைவி; நாத்தனாரான ஷுவாயை ‘டேடே’ என்றுதான் கூப்பிடுவாள். க்வேருவில், அப்பாவின் வீட்டு முன்னறையில், அப்பாவின் பழைய கணினிக்கு முன்னால் குனிந்து நின்றுகொண்டிருந்தாள். அந்த ஒன்பது எண்களை ஜோஹன்னஸ்பர்க்கில் ஷுவாய் தன் மடிக்கணினியில் தட்டினால், அங்குள்ள திரை இங்கே தெரியும். கணினியின் மேல் ஒட்டியிருக்கும் கேமராவையும் இங்கிருந்தே திறக்கலாம். அந்த வழியாக மட்டுமே அவளால் இன்று வீட்டுக்குப் போக முடியும். வேலை அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்து ஏழு மாதமாகிறது. இப்போது எல்லையைத் தாண்டினால் திரும்ப விடமாட்டார்கள். வீட்டில் கேமரா உள்ள ஒரே போனை தஃபாரா குழி தோண்டும் இடத்துக்கு எடுத்துப் போய்விட்டார். அங்கே சிக்னலும் கிடையாது.

அப்பாவின் உடலைப் பத்து மணிக்கு வெளியே எடுப்பதாகப் போதகர் சொல்லியிருந்தார். மணி ஒன்பது இருபது.

“புரோகிராம எப்படித் திறந்தீங்க? நான் சொல்லித் தரலையே?”

“நான் எதையும் திறக்கல டேடே. மவுஸ அசைச்சேன், எண்ணு அப்படியே இருந்துச்சு. பாபா போனதுலேருந்து யாரும் இதத் தொடல. அணைக்க யாருக்கும் மனசு வரல.”

ஷுவாய் அதைப் பற்றி யோசிக்கவில்லை. எண்கள் பொருந்தின. அங்கே ‘அனுமதி’ என்று வந்த பொத்தானை மாய் டினோ அமுக்கினாள். க்வேருவின் திரை மேலிருந்து கீழாக, பட்டை பட்டையாக, நனைந்த துணியை விரிப்பதுபோல வந்தது.

கேமராவைத் திறந்தாள். ‘கேமராவை வேறொரு மென்பொருள் பயன்படுத்துகிறது’ என்று வந்தது. இன்னொரு முறை முயன்றாள். அதே பதில். அம்புக்குறி நகரவே மூன்று வினாடி எடுத்துக்கொண்டது.

“டேடே, இங்க நின்னுடுச்சு போல. ரீஸ்டார்ட் பண்ணிடவா?”

“வேண்டாம்!”

குரல் அவளுக்கே பெரிதாகக் கேட்டது. “வேண்டாம். அணைஞ்சு திரும்ப வர இருபது நிமிஷம் ஆகும். அதுக்குள்ள தூக்கிடுவாங்க. நான் பாத்துக்கறேன், நீங்க போங்க.”

“போறேன். பெரியம்மாங்கல்லாம் கூப்பிடறாங்க. இன்னிக்கு எனக்கு வேலை இருக்கு.”

எது கேமராவைப் பிடித்து வைத்திருக்கிறது என்று பார்க்க, கணினியில் ஓடுகிறவற்றின் பட்டியலைத் திறந்தாள். வீடியோ அழைப்பு மென்பொருள்தான். அதன் ஜன்னலை முன்னால் கொண்டுவந்தாள். அவள் பெயர் இருந்தது. பக்கத்தில் அவளுடைய பழைய புகைப்படம். யாரோ அழைக்கப்போய், அழைக்காமல் காத்திருக்கும் நிலையில் அது திறந்து கிடந்தது.

மெதுவாக ஓடுவதற்கு வேறு என்ன காரணம் என்று அடுத்த பக்கத்துக்குப் போனாள். கணினி உதவி மையத்தில் வாடிக்கையாளர்களுக்காக அவள் தினமும் பார்க்கிற பக்கம் அது. கணினி கடைசியாக எழுந்து எத்தனை நேரமாகிறது என்று ஓரத்தில் சின்ன எழுத்தில் காட்டும்.

ஆறு நாள், நான்கு மணி, பதினொரு நிமிடம்.

ஷுவாய் விரலால் எண்ணினாள். வெள்ளி, வியாழன், புதன்… ஞாயிறுவரை போயிற்று. மறுபடி எண்ணினாள்.

வியாழக்கிழமை மூன்றேகாலுக்கு அப்பா அழைத்திருந்தார். அவளுக்கு இரண்டு வாடிக்கையாளர்கள் வரிசையில் இருந்தார்கள், தலையில் ஹெட்செட் இருந்தது. சொந்த போனை மேசைக்குக் கீழே பிடித்துக்கொண்டு பேசினாள்.

“ஷுவா, படம் வருது, சத்தம் வரமாட்டேங்குது.”

“பாபா, எத்தன தடவ சொல்றது? ரீஸ்டார்ட் பண்ணுங்க. வந்ததும் அந்தப் புரோகிராமத் திறந்து எண்ணப் பாத்து வைங்க. நான் பத்து நிமிஷத்துல கூப்பிடறேன்.”

“சரிம்மா. பண்றேம்மா.”

பத்து நிமிடத்தில் அவள் கூப்பிடவில்லை. அந்தக் கணினி எழுந்திருக்க இருபது நிமிடமாகும், அவசரமில்லை என்று நினைத்துக்கொண்டாள். அப்புறம் ஒரு வங்கிக் கிளையின் பிரிண்டர். அப்புறம் இன்னொரு கிளை. ஐந்து மணிக்கு மாய் டினோ தேநீர் கொண்டுபோனபோது அப்பா நாற்காலியில் சாய்ந்திருந்தாராம். தூங்குகிறார் என்று நினைத்தாளாம்.

இந்த இரண்டு நாளாக ஷுவாய் ஒன்றையே பிடித்துக்கொண்டிருந்தாள்: கணினி எழுந்துகொண்டிருந்திருக்கும், நான் கூப்பிட்டிருந்தாலும் இணைப்பு கிடைத்திருக்காது. ஆனால் அது எழவேயில்லை, ஏனென்றால் படுக்கவேயில்லை. வியாழக்கிழமை மூன்றேகாலிலிருந்து ஒன்பது எண்களும் திரையிலேயே இருந்திருக்கின்றன.

அப்பா ஏன் ரீஸ்டார்ட் செய்யவில்லை? மறந்திருப்பாரா? கை எட்டாத அளவுக்கு அப்போதே உடம்புக்கு முடியாமல் இருந்ததா? அதைச் சொல்லத்தான் அழைத்தாரா?

தன் பெயர் போட்ட ஜன்னலை மூடினாள். கேமரா விடுபட்டது.

அறை தெரிந்தது. சுவரோரம் தரையில் கால் நீட்டிய பெண்கள். நடுவில் பெட்டி. இந்தக் கோணத்தில் அதன் ஓரம் மட்டும் தெரிந்தது, முகம் தெரியவில்லை. கணினியையும் நாற்காலியையும் தவிர எல்லாச் சாமான்களையும் வெளியே எடுத்துவிட்டிருந்தார்கள்.

மாய் டினோ உள்ளே வந்தாள். அப்பாவின் பழுப்புக் கோட்டு முழங்கால்வரை தொங்கியது. தொப்பி புருவத்தில் நின்றது. அவர்கள் வழக்கத்தில், இழவு வீட்டில் மருமகள்கள் ஆட்டம்போட்டால் யாரும் கோபிக்கக் கூடாது. போனவர் போலவே நடந்து, பேசி, அவர் மறைத்ததையெல்லாம் சபையில் போட்டு உடைப்பது அவர்கள் உரிமை. அவள் அப்பா மாதிரியே இடது முழங்காலைத் தடவிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரு செருப்பைக் கழற்றிக் காதில் வைத்தாள்.

“உஷ்! எல்லாரும் வாய மூடுங்க. ஜோபர்க்லேருந்து மகள் பேசறா. உலகத்துல உள்ள கம்ப்யூட்டருக்கெல்லாம் அவதான் டாக்டர்!”

சிரிப்பு எழுந்தது. மாய் டினோ மூக்கால் பேசினாள். அது ஷுவாயின் குரல். “பாபா! எத்தன தடவ சொல்றது? ரீஸ்டார்ட் பண்ணுங்க!”

மறுபடி அப்பா. “சரிம்மா. பண்றேம்மா. இதோ அமுக்கிட்டேன்.” அவள் கை எதையும் அமுக்கவில்லை. கால்மேல் கால் போட்டு, இல்லாத தேநீரைச் சத்தமாக உறிஞ்சினாள். “ஆங், கறுப்பாயிடுச்சும்மா. வட்டமா ஏதோ சுத்துது. சுத்திக்கிட்டே இருக்கு. அது வர்ற வரைக்கும் சொல்லு, என்ன சாப்பிட்ட?”

“அட பொய் சொல்லி மனுஷா!” என்று ஒரு கிழவி தொடையில் தட்டினாள்.

மாய் டினோ தொப்பியைத் தூக்கித் தன் குரலில் சபையிடம் சொன்னாள்: “நான் கேட்டேன், ‘அமுக்கவே இல்லையே பாபா, வாத்தியாரா இருந்தவரு இப்படிப் பொய் சொல்லலாமா’ன்னு. அதுக்கு என்ன சொன்னாரு தெரியுமா?” தொப்பி இறங்கியது. “‘மருமகளே, இது ஒழுங்கா ஓடினா எம்பொண்ணு ரெண்டு நிமிஷத்துல வச்சிடறா. இது சுத்தறப்பத்தான் அவளுக்கு என்கூடப் பேச நேரம் கெடைக்குது.’”

அறை அதிர்ந்தது. பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். ஷுவாயும் சிரித்தாள், அடக்க முடியாமல். அங்கிருந்த பழைய ஸ்பீக்கர் வழியே அந்தச் சிரிப்பு அறைக்குள் வெடித்து, சிரிப்பாக இல்லாத ஒன்றாக மாறிக்கொண்டு போனது.

எல்லோரும் சிரிப்பை நிறுத்தினார்கள்.

மாய் டினோ செருப்பைக் கீழே போட்டாள். கேமராவுக்கு அருகே வந்தாள். “டேடே? சத்தம் வருதா அங்க?”

“வருது.”

“கோவமா?”

“இல்ல. இன்னொரு தடவ பண்ணுங்க.”

“எத?”

“என்ன சாப்பிட்டேன்னு கேட்டீங்களே. அத மட்டும்.”

மாய் டினோ தொப்பியைச் சரிசெய்தாள். இம்முறை யாருக்காகவும் நடிக்கவில்லை. தொண்டையைச் செருமினாள், அப்பா செருமுவதுபோல. “ஷுவா… என்ன சாப்பிட்ட?”

“சட்ஸாக் களி, பாபா. கீரையும்.”

“வெறும் கீரையா?”

“கொஞ்சம் கருவாடும்.”

“நல்லது.” மாய் டினோவின் உதடு கோணியது. “நல்லதும்மா. சுத்திக்கிட்டுத்தான் இருக்கு. நீ பேசு.”

“வியாழக்கிழமை…” என்று ஷுவாய் ஆரம்பித்தாள்.

வெளியே போதகர் கைதட்டினார். ஆண்கள் உள்ளே வந்தார்கள். “டேடே, தூக்கறாங்க,” என்றாள் மாய் டினோ. கோட்டைக் கழற்றாமலேயே திரும்பி ஓடினாள்.

பெட்டியின் ஓரம் உயர்ந்து, கேமராவுக்கு முன்னால் ஒரு நிமிடம் திரை முழுக்க மரமாகவே நின்று, வாசல் பக்கம் போயிற்று. முரசும் பாட்டும் முற்றத்தில் இருந்தன, பிறகு தெருவில், பிறகு மைக் பிடிக்கிற எல்லைக்கு அப்பால். கணினி மட்டும் போகவில்லை. காலி அறையில் நாற்காலி கொஞ்சம் திரும்பி நின்றது. யாராவது வருவார்களா என்று அவள் பதினொன்றரைவரை பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே மின்சாரம் போயிருக்க வேண்டும்; சோலார் பேட்டரி அதற்குமேல் தாங்கவில்லை. திரை போய்விட்டது.

மேலும் ஒரு மணி நேரம் கழித்து எழுந்தாள். இந்நேரம் எல்லோரும் மயானத்திலிருந்து திரும்பியிருப்பார்கள். வாசலில் வாளித் தண்ணீர் வைத்திருப்பார்கள், கை கழுவாமல் யாரும் உள்ளே வரமாட்டார்கள்.

அவள் தங்கியிருந்த மாடியில் எல்லாருக்கும் பொதுவாக ஒரே குழாய். ஷுவாய் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, முழங்கைவரை கழுவினாள். சோப்புப் போட்டாள். மறுபடி கழுவினாள். பின்னால் அடுத்த அறைக்காரி சட்டியோடு வந்து நின்றாள்.

“முடிஞ்சுதா சிஸ்டர்?”

“இன்னும் கொஞ்சம்,” என்றாள் ஷுவாய். கைகளைத் தண்ணீரிலேயே வைத்திருந்தாள்.