எல்லா வழிக்கும் ஒரே பாட்டு

1

இந்தக் கதை ஒரு வீடியோ நாடாவிலிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பன்னிரண்டு நாள் முன்னால் குடவாசல் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த பள்ளிக்கூட அடிக்கல் விழா. நாடாவில் காத்தாயி என்ற நடுவயதுப் பெண் மைக் முன்னால் கைகூப்பி நிற்கிறார். வாய் அசைகிறது. காதில் விழுவதோ கட்சியின் வரவேற்புப் பாட்டு. பார்க்கிறவர்கள், தலைவரை வாழ்த்துகிறார் என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன்: 'நன்றிப் பெருக்கில் காத்தாயியின் கண்கள்

[அடித்துவிட்டேன். கண்கள் நாடாவில் தெரியவில்லை.]

2

வேம்புவை நான் நம்பவில்லை. ஐ.டி.ஐ. படித்தவள், காத்தாயியின் தெருக்காரி, மன்னார்குடியில் ஒரு கேபிள் நிலையத்தில் நான்கு வருட வேலை. விழாவில் ரவுட்டிங் ஸ்விட்சர் முன்னால் உட்கார்ந்திருந்தவள் அவள்தான். காமிரா, மண்டப மைக்குகள், பாட்டு ஓடும் டெக் எல்லாம் அந்தப் பெட்டிக்குள் வரும். மண்டப ஒலிபெருக்கி, வாசல் திரை, பதிவு நாடா என மூன்று வழியில் வெளியே போகும். எது எங்கே போக வேண்டும் என்று அவள் பட்டனைத் தட்டிச் சொல்வாள். ஒருவர் முகத்தையும் வேறொன்றின் சத்தத்தையும் சேர்த்து அனுப்பலாம். இவ்வளவு வசதி கையில் இருக்கிற ஆளை எப்படி நம்புவது?*

* நிலையத்தின் முதலாளி துரைராசுவின் மைத்துனர். துரைராசு, காத்தாயி குத்தகைக்கு உழும் மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர் அளவு, நிலத்தின் சொந்தக்காரர்.

3

வேம்பு சொன்னபடி நடந்தது இது.

தலைவர் வரத் தாமதம். துரைராசு மேடையேறி, அந்த நிலத்தில் பள்ளிக்கூடம் கட்டக் காத்தாயி தன் குத்தகையை மனமுவந்து விட்டுக்கொடுத்துவிட்டதாக அறிவித்தார். கைதட்டல். பெண்கள் பக்கத்திலிருந்து காத்தாயி எழுந்து, மேடைக்குக் கீழே இருந்த மைக்குக்கு வந்தார். "ஐயா, ஒரு சேதி" என்றார். அதற்குள் வாசலில் கார் வந்துவிட்டது.

தலைவர் வாசலில் கால் வைக்கும்போது பாட்டு ஒலித்தாக வேண்டும். முன்பு வேறொரு விழாவில் தாமதமாகி, வேம்பு எல்லோர் முன்னாலும் வசவு வாங்கியிருக்கிறாள். அதிலிருந்து ஒரே பட்டனில் மூன்று வழிக்கும் பாட்டுப் போகிற மாதிரி முன்கூட்டியே அமைத்துவைப்பாள். வெள்ளை வேட்டி தெரிந்தது. தட்டிவிட்டாள். பதிவு நாடாவை அதிலிருந்து விலக்கிவைக்க அவளுக்குத் தோன்றியதே இல்லை. படம் மட்டும் காத்தாயி மேலேயே நின்றது.

மண்டபம் எழுந்து வாசல் பக்கம் திரும்பியது. வேம்புவின் ஹெட்போனில் மட்டும் மைக் பேசிக்கொண்டிருந்தது. "நான் எழுதிக் குடுக்கலைங்க. என்னை யாரும் கேக்கவே இல்லைங்க. நாத்து விட்டிருக்கேன், பத்துப் பதினஞ்சு நாள்ல நடவு."

சத்தத்தை மைக்குக்குத் திருப்ப இன்னொரு பட்டன் போதும். வேம்பு திருப்பவில்லை. தலைவர் நடந்து வருகையில் பாட்டை நிறுத்த யாருக்குத் தைரியம் வரும்?

4

"துரைராசு கண்ணைக் காட்டினாரா?" என்று கேட்டேன்.

"யாரும் சொல்லலை சார். சொல்லியிருந்தாக்கூட மனசு ஆறும். மொதல்ல கை பழக்கத்துல போயிடுச்சு. அப்புறம் பயம்."

[இந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. ரொம்ப ஒழுங்காக இருக்கிறது. யாரோ சொல்லிக்கொடுத்த மாதிரி.]

அந்த நாடாவைத்தான், காத்தாயியின் சம்மதத்துக்குச் சாட்சியாக, துரைராசு குடவாசல் தாசில்தாரிடம் கொடுத்திருக்கிறார். வியாழக்கிழமை விசாரணை. அதை நம்பிவிட்டால் குத்தகைப் பதிவேட்டில் காத்தாயியின் பெயர் போய்விடும். வளர்ந்த நாற்றைப் பிடுங்கி நட அவருக்கு வயல் இருக்காது. கேட்டதை வேம்பு சொல்லலாம். சொன்னால் வேலை போகும்.

5

முடிவு அ: வேம்பு சாட்சி சொல்கிறாள். தாசில்தார் எழுந்து நின்று

[சினிமா. வேண்டாம்.]

முடிவு ஆ: வேம்பு வாயைத் திறக்கவில்லை. அடுத்த மாதமே தலைமை ஆபரேட்டர் ஆகிறாள்.

இதுதான் எனக்குப் பிடித்தது. அவள்மேல் நான் வைத்த சந்தேகத்துக்கெல்லாம் பொருந்தியது. அவளிடமே படித்துக் காட்டினேன். கோபப்படுவாள் என்று பார்த்தேன். அவள் கேட்டது வேறு.

"மூணாவது வரிசையில, விழா மலரை மடியில வச்சிக்கிட்டு உக்காந்திருந்தது நீங்கதான சார்? காத்தாயி அத்தை பாட்டையும் மீறிக் கத்துனாங்களே. மைக்குக்கும் உங்களுக்கும் எட்டடிகூட இல்ல."

நான் காப்பி ஆறுகிறது என்றேன்.

"நான் வியாழக்கெழமை போறேன் சார். வேலை போனாப் போவுது. ஆனா, நான் ஒருத்தி சொன்னா, தெருக்காரிக்குத் தெருக்காரி பேசுறான்னுடுவாங்க. நீங்க சொன்னா நிக்கும்."

6

எனக்குக் கேட்டது. 'எழுதிக் குடுக்கலைங்க' என்று மூன்று தடவை. மூன்றாவது தடவை காத்தாயி என்னைப் பார்த்துத்தான் சொன்னார். விழா மலரில் துரைராசுவின் தாராள மனதைப் பற்றிய கட்டுரை நான் எழுதியது. இவ்வளவு பக்கமும் வேம்புவைச் சந்தேகித்தது, நீங்கள் என்னைப் பார்க்காமல் இருக்கத்தான். வெட்கமாக இருக்கிறது.

முடிவு இ எழுதவில்லை. நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். என்னைப் பற்றி அவசரப்பட்டு நல்லதாக எதையும் எழுதிவிடாதீர்கள். இன்று வியாழக்கிழமை, மணி பத்தேகால். விசாரணை பதினொரு மணிக்கு. குடவாசலுக்குப் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். நான் இன்னும் இந்தப் பத்தியைத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.