காப்புக் கட்டிய பதினொருவர்

ஆடி மாதத்து மூன்றாம் செவ்வாய்க்கிழமை மாலை, மருதங்குடியிருப்பு மாரியம்மன் சந்நிதியில், மருதநிலா விளையாட்டுக் கழகத்தின் பதினொரு ஆட்டக்காரரும் வரிசையாக நின்று வலக்கையை நீட்டினார்கள். பூசாரி சுடலைமுத்து மஞ்சள் தோய்த்த நூலில் வேப்பிலை முடிந்து, ஒவ்வொரு மணிக்கட்டிலும் காப்பாகக் கட்டினார். முதற்காப்பு அணித்தலைவனும் கோல்காப்பாளனுமான விஜிதரனுக்கு. நேர்த்தி வைத்தவன் அவன். ஆகவே முதலில் நீண்ட கையும் அவனுடையதாயிற்று.

அவன் அம்மனிடம் கேட்டது ஒன்றே. தன் கழகம் மாவட்ட உதைபந்தாட்ட லீக்கின் முதலாம் பிரிவிலிருந்து கீழே விழக்கூடாது. விழாமற் காக்கவேண்டி, பதினொருவரும் காப்புக் கட்டி, நோன்பிருந்து, அடுத்த செவ்வாய்ப் பொங்கலன்று தீ மிதிப்பதாக வாக்களித்திருந்தான்.

பத்துக் கழகங்களுள் கடைசி இரண்டும் இறக்கப்படும். எட்டு ஆட்டங்கள் முடிந்திருந்தன. வெற்றி ஒன்று, சமநிலை இரண்டு, மற்றவை யாவும் தோல்வி. பருவம் தொடங்குமுன்பே நடுக்களத்து இருவர் கட்டாருக்குப் போனார்கள். மூன்றாம் ஆட்டத்துக்குப் பின் இடது கரையில் ஓடியவன் கொழும்பில் வேலை கிடைத்துச் சென்றான். எஞ்சியோர் ஞாயிறுதோறும் தோற்று, திங்கள்தோறும் வயலுக்குப் போனார்கள். ஏழாம் ஆட்டம் சொந்த மைதானத்தில் நடந்தது. கடைசி நிமிடத்தில் நடுவர் எதிரணிக்குத் தண்ட உதை வழங்கினார். பின்களத்து வினோதனும் மற்றொருவனும் அவரை மறித்துக்கொண்டு நிற்க, ஊரார் கோட்டுக்குள் புகுந்தார்கள். யாரோ அவருடைய விசிலைப் பறித்து அருகிருந்த குளத்தில் எறிந்தார்கள். விசிலை எறிந்தவர் யாரென்று இன்றுவரை ஊரில் ஒருவருக்கும் தெரியாது, எல்லாருக்கும் தெரியும். வினோதனும் மற்றவனும் பருவம் முழுவதும் ஆடத் தடை செய்யப்பட்டார்கள். மைதானத்தைப் பற்றிப் பின்னர் அறிவிப்பதாக லீக் சொன்னது. பின்னர் என்பது வாராது என்றே ஊர் நம்பியது.

கடைசி ஆட்டம் பூநகரிக் கழகத்துடன். சனிக்கிழமை, சொந்த மைதானம். சமநிலை கிடைத்தாற் போதும். தோற்றால் இறக்கம் உறுதி. காப்புக் கட்டியவர் பொங்கல் முடியும்வரை ஊரெல்லையைத் தாண்டலாகாது என்பது அந்தக் கோயிலின் வழமை. மைதானம் எல்லைக்குள் இருந்தது. எனவே காப்பைக் கட்டிக்கொள்ள ஒருவரும் தயங்கவில்லை.

வியாழக்கிழமை பிற்பகல் கழகச் செயலாளர் கதிர்காமநாதன் மோட்டார் சைக்கிளில் வந்தார். அவர் அக்கராயன் குளத்தின் கீழ்க் காணி பெற்ற யாழ்ப்பாணத்துக் குடும்பத்தவர். அவருடைய கோயில் வேறு, காப்புக் கட்டாதவர். விஜிதரன் வாய்க்கால் வரம்பில் மண்வெட்டியோடு நின்றான். கதிர்காமநாதன் தலைக்கவசத்தைக் கழற்றாமலே கடிதத்தை நீட்டினார்.

"நான் ரெண்டுதரம் வாசிச்சனான் விஜி. விசில் விசயத்தில எங்கட மைதானத்துக்குத் தடை போட்டிட்டாங்கள். சனிக்கிழமை மச் பூநகரியில. போன் எடுத்துக் கெஞ்சியும் பாத்திட்டன். ஏற்கெனவே ஒருதரம் எங்களுக்காகத் தள்ளி வச்சதாம். இனி ஏலாதாம்."

விஜிதரன் கடிதத்தை வாங்கவில்லை. கை முழுவதும் சேறு. அச்சேற்றினூடே மஞ்சள் நூல் தெரிந்தது.

அன்று மாலையே அவன் பூசாரியிடம் போனான். சுடலைமுத்து மலையகத்திற் பிறந்தவர். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் தகப்பனின் தோளில் ஏறி இக்காட்டுக்கு வந்தவர். ஊரின் பாதிப்பேர் அவ்வாறு வந்தவர்களே. கோபக்காரரல்லர். அவன் சொன்னதை முழுவதும் கேட்டார். கேட்டபின் நெடுநேரம் கற்பூரத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கட்டுனது நாந்தான் தம்பி. அவுக்குற உரிமை எனக்கில்லப்பா. கரகம் கொளத்துல எறங்குன பொறகுதான் காப்பு எறங்கும். நீ போகாதன்னு நான் சொல்ல மாட்டேன். போகலாம்னு சொல்லவும் எனக்கு வாயில்ல."

இந்த இறக்கம் விஜிதரனுக்கு என்ன என்பதை ஊரில் அறியாதார் இல்லை. காட்டை வெட்டிக் கழனியாக்கியும், போரில் நான்கு முறை பெயர்ந்து திரும்பியும், அவ்வூரவர் மாவட்டத்தின் வாயில் தேயிலைமலையிலிருந்து வந்த தோட்டக்காட்டாராகவே இருந்தார்கள். ஊருக்குப் பெயர் உண்டென்பதையே பலர் அறியார். நான்கு ஆண்டுகளுக்கு முன் முதலாம் பிரிவுக்கு ஏறிய அன்று, கிளிநொச்சியின் பெரிய மைதானத்தில், ஒலிபெருக்கி மருதங்குடியிருப்பு என்று முழுப்பெயரும் சொன்னது. அதைக் கேட்டபோது கோல் கம்பத்தைப் பற்றிக்கொண்டு அவன் அழுதான். இரண்டாம் பிரிவின் ஆட்டங்களுக்கு ஒலிபெருக்கி கிடையாது. கிழமை நாள்களில், ஓரத்து மைதானங்களில், எவரும் பாராமல் நடப்பவை அவை. அவனுக்கு வயது முப்பத்து நான்கு. மீண்டும் ஏறும்வரை அவன் முழங்கால் பொறுக்காது.

சனிக்கிழமை நண்பகல், ஊரெல்லையான மதகின் அப்புறத்தில் வாடகை வான் நின்றது. இப்புறத்தில் பதினொருவரும் வேம்பின் நிழலில் நின்றார்கள். விஜிதரன் எவரையும் வற்புறுத்தவில்லை. வருபவர் வரலாம், நிற்பவர் நிற்கலாம். நின்றவரைப் பின்னர் ஒருவரும் ஏச வேண்டாம் என்று மட்டும் சொன்னான். ஏழு பேர் வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஏழுக்குக் குறைந்தால் ஆட்டம் இல்லை. நடுவில் ஏழு ஆறானாலும் ஆட்டம் நின்று, எதிரணி வென்றதாக எழுதப்படும்.

"அம்மன் பூநகரியிலயும் இருக்கிறா தானே," என்றார் கதிர்காமநாதன்.

முன்களத்துத் தர்ஷன் வேட்டியை மடித்துக் கட்டினான். "மச்சான்மார், கணக்கு லேசு. போகாட்டி லீக் கடிதம் போடும். போனா அம்மன் அம்மை போடுவா. கடிதம் எங்களுக்கு ஏற்கெனவே வந்திட்டுது." காப்பைப் பல்லாற் கடித்து அறுத்து, வேம்பின் அடியில் வைத்து, மதகைத் தாண்டினான். அவன் பின்னே ஒருவர் ஒருவராக ஐவர் போனார்கள். ஆறாமவன் தாண்டும்போது கண்களை மூடிக்கொண்டான்.

அத்துடன் நின்றது. இப்புறத்தில் விஜிதரனும் இன்னும் நால்வரும். அப்புறத்து அறுவரும் வானில் ஏறாமல் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அவன் ஓரடி வைத்தபோது, பின்களத்துக் கிருசாந்தன் அவன் கையைப் பிடித்தான். காப்பிருந்த கை.

"அண்ணை, எங்களைக் கட்டச் சொன்னதே நீங்கள்தான். வீடு வீடா வந்து கேட்டனீங்கள். என்ர அம்மாவிட்ட நீங்களே கதைச்சனீங்கள். இப்ப நீங்களே போனா, நான் ஆரை நம்புறது?"

விஜிதரன் தன் கையை மெல்ல விடுவித்தான். மதகு ஆறடி அகலம். சிறுவயதிலிருந்து பல்லாயிரம் முறை கடந்த அந்த ஆறடியை, நெருப்பின்மேல் நடப்பவன்போல, கீழே பாராமல் கடந்தான். காப்பை அவன் அறுக்கவில்லை. அறுத்தால் வாக்கு முடிந்துபோகும். அறுக்காமற் போனால், வாக்குக்குள் நின்றே வாக்கை மீறுகிறான். எது கொடியது என்று எண்ணிப் பார்க்க அவனுக்குப் பொழுதில்லை. வானில் ஏறிக் கையுறைகளை மடியில் வைத்துக்கொண்டான்.

பூநகரி மைதானம் கடனீரேரிக் கரையில் இருந்தது. சோளகக் காற்று உவர்மண்ணை வாரி இறைத்தது. பூநகரி அணிக்கு வெல்வதாலோ தோற்பதாலோ ஆகப்போவது ஒன்றுமில்லை; அவர்கள் நடுவிடத்திற் பத்திரமாக இருந்தார்கள். எழுவர் இறங்குவதைக் கண்டு எல்லைக் கோட்டருகே ஒருவன் கேட்டான்: "மிச்ச நாலுபேரும் பஸ்ஸுக்கு நிக்கினமோ?" சிரிப்பு எழுந்தது. அவர்களின் அணித்தலைவன் மட்டும் விஜிதரனிடம் வந்து, ஏதும் சாவீடோ என்று தணிந்த குரலில் விசாரித்தான். இல்லை என்றான் விஜிதரன்.

முப்பத்தைந்து நிமிட முதற்பாதியை அந்த எழுவரும் எவ்வாறு கடந்தார்கள் என்பது பார்த்தவர்க்கும் விளங்கவில்லை. நால்வர் பெட்டிக்கு முன்னே சுவராய் நின்றார்கள். இருவர் பந்து போகுமிடமெல்லாம் போனார்கள். விஜிதரன் ஒன்பது பந்துகளைத் தடுத்தான். ஒன்று கம்பத்திற் பட்டுத் திரும்பியது. ஒன்றை முகத்தால் மறித்தான். காற்று எதிரணியின் பக்கம். இடைவேளையில் கோல் ஏதுமில்லை. மூக்கில் வழிந்த இரத்தத்தைத் துடைத்தபடி அவன் தரையில் இருந்தபோது, பார்வையாளர் கை தட்டினார்கள். அக்கைதட்டல் அவனுக்கு அச்சமாக இருந்தது. தண்டனை இன்னும் வரவில்லை என்று அவன் எண்ணினான். வராமலிராது. எப்போது, எந்த வடிவில் என்பதே தெரியாமலிருந்தது.

இரண்டாம் பாதியின் பதினைந்தாம் நிமிடத்தில் தர்ஷன் விழுந்தான். வலக்கணுக்கால் வீங்கிற்று. நடுவர் அவனை வெளியே போகச் சொன்னார். போனால் அறுவர், ஆட்டம் அவ்விடத்திலேயே முடியும்.

"எனக்கு ஒண்டும் இல்லை சேர்," என்று தர்ஷன் எழுந்தான். விஜிதரன் ஓடிவந்தபோது அவன் காதருகே சொன்னான்: "நான் நிக்கிறன் அண்ணை. ஓட ஏலாது, சும்மா நிக்கிறன். நீங்கள் என்னைப் பாக்காதேங்கோ, பந்தைப் பாருங்கோ."

அவ்வாறே நின்றான். மைதானத்தின் இடது ஓரத்தில், ஒற்றைக்காலில், நீர் வற்றிய குளத்துக் கொக்கைப்போல நின்று எண்ணிக்கையைக் காத்தான். பந்து அவனைக் கடந்து போயிற்று, வந்தது, மீண்டும் போயிற்று. காற்று இப்போது மருதநிலாவின் முதுகுப்புறத்திலிருந்து வீசியது. எதிரணியின் உதைகள் தளர்ந்தன. கதிர்காமநாதன் கோட்டருகே கைக்கடிகாரத்தை முகத்தருகே பிடித்துக்கொண்டு நின்றார். ஒன்பது நிமிடம். எட்டு.

அப்போது வந்த பந்து ஒரு பந்தே அன்று. எதிரணியின் பின்களத்தவன் ஒருவன், முன்னே எவரும் இல்லாமையாற் சும்மா தூக்கி உதைத்தது. காற்றில் தடுமாறி, ஒருமுறை தரையிற் பட்டு, விஜிதரனின் மார்புக்கு நேரே வந்தது. மழலையும் பிடிக்கும் பந்து. அவன் கைகளை விரித்தான். பந்து வருவதை முழுவதும் கண்டான்; அதன் வெள்ளையில் ஒட்டிய மண்ணைக் கண்டான். இதுதான் அது என்று அவன் உள்ளம் சொல்லியது. சொல்லிய அக்கணத்தில் கைகள் கல்லாயின. பந்து கையுறைகளுக்கு நடுவே நுழைந்து, விலாவை உரசி, மெதுவாக, மிக மெதுவாகக் கோட்டைக் கடந்தது.

தடுக்க முடியாமற் போனதா, தடுக்காமல் நின்றானா என்பதை அவன் பின்னர் எத்தனையோ முறை தன்னையே கேட்டான். அறிந்ததெல்லாம் ஒன்றுதான்: மதகைக் கடந்த நேரத்திலிருந்து அதற்காகவே அவன் காத்திருந்தான்.

ஒலிபெருக்கி கோல் போட்டவனின் பெயரைச் சொல்லிற்று. பின்னர் இரு அணிகளின் பெயரையும், மருதங்குடியிருப்பு என்று பிழையின்றி, தெளிவாகச் சொல்லிப் பூச்சியம் என்று முடித்தது. எஞ்சிய நிமிடங்களில் மேலும் இரண்டு கோல் வீழ்ந்தன. அவை எவ்வாறு வீழ்ந்தன என்று ஒருவரும் நினைவில் வைக்கவில்லை. கடைசி விசில் ஊதியபோது தர்ஷன் நின்ற இடத்திலேயே இருந்துவிட்டான். அவனைத் தூக்கிச் சென்று வானில் ஏற்றினார்கள்.

திரும்பி வந்து மதகருகே இறங்கியபோது பொழுது சாயவில்லை. கோயிற் பக்கம் உடுக்கு ஒலித்துக்கொண்டிருந்தது. விஜிதரன் காப்பை இழுத்து அறுத்து வாய்க்காலில் விட்டான். குளத்து மடையின் துருசு மூடியிருந்தது, நீர் இல்லை. நூல் வெறும் மணலிற் கிடந்தது. தர்ஷனை வான் வீடுவரை கொண்டுபோயிற்று. மற்ற அறுவரும் கோயில் வீதியைத் தவிர்த்து, வயல் வரம்புகளால், தனித்தனியே வீடு போனார்கள்.

செவ்வாய்க்கிழமை பொங்கல். பதினொருவர் மிதிக்கவேண்டிய தீயை நால்வர் மிதித்தார்கள். கழகத்துக்காக வைத்த நேர்த்தியைக் கழகம் வீழ்ந்தபின்னும் நிறைவேற்றிய அந்த நால்வரும் அழுதுகொண்டே நடந்ததாகப் பின்னர் சொன்னார்கள்.

விஜிதரன் போகவில்லை. எல்லை தாண்டியவர் ஓராண்டு சந்நிதிக்குள் வரலாகாது, அம்மன் பொங்கலை உண்ணலாகாது என்பதை யாரும் அவனுக்குச் சொல்லவேண்டியிருக்கவில்லை. மனைவி ரஜிதா புதுப்பானையும் பச்சரிசியும் எடுத்து, இரு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனாள். போகும்போது வருகிறேன் என்று சொல்லவில்லை.

மாலையில் தர்ஷன் தடியூன்றி வந்தான். முற்றத்துக் கதிரையில் இருந்து காலை நீட்டிக்கொண்டான். கிருசாந்தன் அனுப்பியதாகச் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் மைதானத்துக்கு வரவேண்டுமாம். இரண்டாம் பிரிவு ஐப்பசியில் தொடங்குமாம். போனவர், நின்றவர் என்ற கதை இனி வேண்டாமாம்.

"கிருசாந்தன் நல்லவன்," என்றான் விஜிதரன்.

"அப்ப வாங்கோவன். கோலுக்கு வேற ஆர் இருக்கினம்?"

"ஆரையெண்டாலும் நிப்பாட்டுங்கோ. நான் நிண்டா வாறதெல்லாம் உள்ளுக்குத்தான் போகும். எனக்கு அது தெரியும் தர்ஷன். இனிப் பந்து வரேக்க நான் பந்தைப் பாக்க மாட்டன்."

தர்ஷன் தடியைத் தேடி எடுத்துப் போனான்.

விளக்கு வைக்கும் வேளையில் ரஜிதா திரும்பினாள். பானை பொங்கிக் கிழக்கே வழிந்திருந்தது, நல்ல பொங்கல். பெண்கள் வரிசையில் அவளுக்கு இடம் விட்டதாகவும், ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை என்றும் சொன்னாள். ஒருவரும் ஒன்றும் கேளாமை அவளுக்கு எவ்வாறு இருந்தது என்பதைச் சொல்லவில்லை. குசினியில் பிள்ளைகளுக்கு இலை போட்டு, பொங்கலை இரண்டு அகப்பை வீதம் வைத்தாள். பின்னர் காலையில் மிஞ்சிய சோற்றை எடுத்து, தண்ணீர் விட்டு, வெங்காயம் நறுக்கிப் போட்டு, ஒரு கோப்பையில் அவன் முன் வைத்தாள்.

இளையவன் தன் இலையைத் தகப்பன் பக்கம் தள்ளி, அப்பாவுக்கும் என்றான். ரஜிதா இலையைத் திரும்ப இழுத்து வைத்தாள். விஜிதரன் பழஞ்சோற்றைப் பிசைந்து உண்ணத் தொடங்கினான்.