எங்கள் ஹோலுக்குள் ஜெயச்சந்திரன்

"என்ன ரஞ்சினியக்கா, அவ்வளவு வடிவான பச்சைச் சோஃபா இருக்க, நிலத்திலயிருந்து சாப்பிடுறியள்?"

ஜெர்மனியில், டுசல்டோர்ஃபில் ஒரு பிறந்தநாள் விழாவில் நேசமலர் இப்படிக் கேட்டுச் சிரித்தாள். என் மனைவி ரஞ்சினி சிரிக்கவில்லை. நேசமலர் எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு வருடமாகிறது. சோஃபா வந்தது போன மாதம்.

காரில் ஏறியதும் ரஞ்சினி வெடித்தாள்.

"அவளின்ர மனுசன் எங்கட கமராவால பாக்கிறான். உங்களுக்கு விளங்கேல்லையே?"

நேசமலரின் கணவன் ஜெயச்சந்திரன்தான் எங்கள் வீட்டு முன்னறையில், ஹோலில், கமரா பூட்டியவன். பக்கத்து வீட்டில் கள்ளர் புகுந்த பிறகு, வேலையிடத்திலிருந்தே போனில் வீட்டைப் பார்க்க வேண்டுமென்று நான்தான் அவனைக் கூப்பிட்டேன். வெளியாளைக் கூப்பிட்டால் டேர்மீன் என்று ஒரு நாள் குறித்துக் கிடைக்கவே மாதக்கணக்காகும். இவன் நம்மவன், இறால் குழம்போடு சாப்பிட்டுவிட்டுச் செய்து தருவான். இன்டர்நெட் றூட்டருக்குள் போய், வெளியிலிருந்து கமராவுக்கு வர போர்ட் என்று ஒரு வழியைத் திறந்துவிட்டான். கமராவுக்குக் கடவுச்சொல்லும் அவனே போட்டான்.

"இதை மாத்தாதேங்கோ அண்ணை. நான் பூட்டின எல்லா வீட்டுக்கும் ஒண்டுதான். பிழைச்சா வீட்டில இருந்தே பாத்துச் சொல்லுவன்."

நானும் பெரிய உதவியென்று நினைத்தேன்.

"சும்மா ஊகிச்சுச் சொல்லியிருப்பாள்" என்றேன் ரஞ்சினியிடம்.

"நான் நைற்றியோட திரியிறதையும் ஊகிக்கட்டும் எண்டு விடுவியளோ?"

வீட்டுக்கு வந்து மடிக்கணினியில் றூட்டரைத் திறந்தேன். அந்தப் போர்ட் இன்னும் திறந்தபடியே இருந்தது. அழித்தேன். றூட்டரின் கடவுச்சொல்லையும் மாற்றினேன். கமராவைச் சுவரில் அப்படியே விட்டேன்.

அடுத்த நாள் பின்னேரம் போன் அடித்தது. ஜெயச்சந்திரன்.

"அண்ணை, உங்கட கமரா வேலை செய்யேல்லை. வந்து பாக்கட்டே?"

"உனக்கெப்பிடித் தெரியும்?"

"என்னண்ணை?"

"கேக்கிறனெல்லே! என்ர வீட்டுக் கமரா வேலை செய்யேல்லையெண்டு உனக்கெப்பிடியடா தெரியும்?"

"அது... வடிவா வேலை செய்யுதோ எண்டு இடைக்கிடை பாக்கிறனான். எல்லா வீட்டையும்தான். உங்கட நன்மைக்குத்தானேயண்ணை? நான் என்ன கள்ளனே?"

"கள்ளன் டிவியைத்தான் கொண்டு போவான். நீங்கள் ரெண்டு பேரும் இருந்து என்ர மனுசி சாப்பிடுறதைப் பாத்துச் சிரிச்சிருக்கிறியள்!"

"சின்ன விசயத்தைப் பெரிசாக்காதேங்கோ."

ரஞ்சினி போனைப் பறித்தாள்.

"தம்பி, உம்மட வீட்டு ஹோலிலயும் ஒண்டு பூட்டும். பாஸ்வேட்டை எங்களுக்குத் தாரும். நாங்களும் உம்மட நன்மைக்குப் பாக்கிறம்."

அவன் போனை வைத்துவிட்டான்.

"எல்லா வீடும் எண்டானே. ஆற்றை ஆற்றை வீடு?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரிந்து என் நண்பன் லோறன்ஸ் வீட்டிலும் அவன்தான் பூட்டியிருந்தான். லோறன்சின் மகள் பிள்ளை பெற்று இப்போது அங்கேதான் இருக்கிறாள். ஹோலில் இருந்துதான் பிள்ளைக்குப் பால் கொடுப்பாள்.

லோறன்சின் நம்பரைத் தேடினேன். ஆத்திரத்தில் விரல் வேறு பெயர்களில் போய்ப் பட்டது.

"தாங்கோ இங்கை. நீங்கள் கத்துவியள். நான் அவற்றை மகளோட கதைக்கிறன்" என்றாள் ரஞ்சினி.