கரை பார்த்துச் சொன்ன பேர்

கண்ணுசாமி குடித்துவிட்டு பைக்கிலிருந்து விழுந்து செத்தான் என்று போலீஸ் எழுதி வைத்திருக்கிறது. ஒயின்ஷாப் இருக்கும் திசையில் தலைவைத்துக்கூடப் படுக்காத மனுசன் அவன். திருமயத்துக்குத் தெற்கே உள்ள குவாரியில் வெடி வைத்தபோது, கல் பறந்து வந்து மண்டையில் அடித்தது. உடலை ரோட்டோரம் போட்டு, பக்கத்தில் அவன் பைக்கைச் சாய்த்து, வாயில் சாராயத்தையும் ஊற்றிவிட்டார்கள் பாவிகள்.

கூட வேலை செய்த அய்யப்பன் அதைக் கண்ணால் பார்த்தவன். கண்ணுசாமியின் மனைவி மீனம்மாளிடம் மட்டும் சொல்லியிருந்தான்.

"எம்பேரு மட்டும் வெளிய வரக்கூடாது மதினி" என்று கையைப் பிடித்துக்கொண்டு கேட்டிருந்தான்.

மீனம்மாளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். புருசன்மேல் ஒட்டிய குடிகாரன் என்ற பேர் போகவேண்டும். மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட அதைக் கேட்டுவிட்டுத்தான் எழுந்து போனார்கள்.

அப்போதுதான் குவாரிகளைப் பார்வையிட சட்டமன்றக் குழு வந்தது. எம்.எல்.ஏ.க்கள் எல்லோரும் வெளி மாவட்டம். முகமும் தெரியாது, பூர்வீகமும் தெரியாது. ஆனால் எங்கள் பக்கத்தில் ஒரு அரசியல்வாதியை அறிய அதெல்லாம் எதற்கு? வேட்டிக் கரை போதாதா? கரையைப் பார்த்தே யார் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுவோம். பெரிய கெட்டிக்காரர்கள் நாங்கள்!

குவாரிக்காரர் ஆளுங்கட்சி. வந்தவர்கள் கட்டியிருந்ததும் ஆளுங்கட்சிக் கரைதான், அருள்மணி என்ற ஒருவரைத் தவிர. எதிர்க்கட்சிக் கரை கட்டிய அவர் குவாரி மேட்டில் நின்று அதிகாரிகளை ஒரு பிடி பிடித்தார். நமக்காகக் கேட்கவும் ஓர் ஆள் இருக்கிறதே என்று மீனம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் காரில் ஏறப்போகும்போது ஓடிப்போய்க் கும்பிட்டாள்.

"ஐயா, எங்க வீட்டுக்காரரு குடிச்சுச் சாகலைங்க. வெடியிலதான் போனாரு."

"அழுகாதம்மா. நாளைக்குப் புதுக்கோட்டையில விசாரணை இருக்கு. நான் விடமாட்டேன். பாத்த ஆளு யாராச்சும் இருக்காங்களா?"

மீனம்மாள் தயங்கினாள். மறுபடி ஒருமுறை அந்தக் கரையைப் பார்த்தாள்.

"அய்யப்பன்தாங்க. அங்கிட்டு, லாரிகிட்ட நிக்கிறாரு பாருங்க."

அருள்மணி திரும்பி, அய்யப்பனை நன்றாகப் பார்த்துக்கொண்டார்.

மறுநாள் விசாரணை அறைக்கு வெளியே காத்திருந்தபோது, குழுவுக்கு கார் ஓட்டி வந்த டிரைவரிடம் மீனம்மாள் பேச்சுக் கொடுத்தாள்.

"அருள்மணி ஐயா நல்ல மனுசருல்ல?"

டிரைவர் சிரித்தார். "அவரு இந்தக் கரைக்கு வந்தே ரெண்டு வருசந்தாம்மா ஆகுது. அதுவரைக்கும் ஆளுங்கட்சி. ஒங்க குவாரிக்காரரும் அவரும் இளைஞரணியில ஒண்ணா கொடி பிடிச்சவங்க. இப்ப சம்பந்தி வேற. கட்சி மாறுனா சம்பந்தியுமா மாறுவாரு?"

சாட்சி சொல்ல அய்யப்பனையும் வரச் சொல்லியிருந்தார்கள். அவனைத் தடுத்துத் திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்று மீனம்மாள் வாசலுக்கு ஓடப் பார்த்தாள். அதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

அய்யப்பன் முன்பே உள்ளே உட்கார்ந்திருந்தான். எப்போதும் கைலியில் திரிகிறவன், இன்றைக்கு மடிப்புக் கலையாத புது வேட்டி கட்டியிருந்தான். அருள்மணி கட்டியிருந்த அதே கரை. வலது கை விரல்களில் பெரிய கட்டு.

அருள்மணிதான் கேட்டார். "பயப்படாமச் சொல்லுப்பா. என்ன நடந்துச்சு?"

"கண்ணுசாமி அண்ணன் தெனமும் குடிப்பாருங்க" என்றான் அய்யப்பன், தரையைப் பார்த்தபடி. "அன்னைக்கும் நாந்தான் வாங்கிக் குடுத்தேன்."

அடப் பாவி என்று கத்த மீனம்மாள் வாயைத் திறந்தாள். கட்டுப் போட்ட அந்த விரல்களைப் பார்த்ததும் சத்தம் வரவில்லை. அவன் பேரைச் சொன்னது அவள்தானே.

"எதிர்க்கட்சி உறுப்பினரே விசாரிச்சிட்டாரு, இனி இதுல சந்தேகத்துக்கு இடமில்ல" என்று குழுத் தலைவர் முடித்தார்.

அதுவரை போலீஸ் எழுத்தில் மட்டும் குடிகாரனாக இருந்த கண்ணுசாமி, அன்றிலிருந்து சட்டமன்ற அறிக்கையிலும் குடிகாரன்.