கலாராணியின் காசில் வாங்கிய கார்

சிவஞானம் பதுளைக்குப் போனது ஓர் ஆட்டோ பார்க்கத்தான்.

ஸ்பிரிங்வெளிக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில் முப்பத்திரண்டு வருடம் லொறி ஓட்டியவர் அவர். ஸ்டோரிலிருந்து தேயிலை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மாதத்தில் நாலைந்து தடவை கொழும்புக்குப் போய் வருவார். ஜனவரியோடு வயது காரணமாக வேலை முடிந்தது. வீட்டில் சும்மா இருக்க வேண்டாம், ஓர் ஆட்டோ எடுத்து ஹயர் ஓடுங்கள் என்று மகள் யசோதினி கட்டுநாயக்கவிலிருந்து போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். வீடு என்று அவள் சொன்னது வாய்ப் பழக்கம். நவம்பர் கடைசியில் பெய்த மழையில் மேமலைச் சரிவு இறங்கி ஏழு வீடுகளைக் கொண்டுபோய்விட்டது. அதில் அவர்கள் வீடும் ஒன்று. உள்ளே அவர் மனைவி கலாராணி இருந்தாள். மூன்றாம் நாள்தான் உடலை எடுத்தார்கள்.

அதன்பிறகு சிவஞானம் பள்ளிக்கூடத்தில் இருந்த முகாமில் இருந்தார். பள்ளிக்கூடம் திறந்தவுடன் ஸ்டோருக்குப் பின்னால் இருந்த பழைய டிரைவர் காம்பராவை, ஓர் ஒற்றை அறையை, தோட்டத்தை நடத்தும் துரை ஒதுக்கிக் கொடுத்தார். வேளைக்குச் சாப்பிட்டார், குளித்தார், யாராவது பேசினால் பதில் சொன்னார். அழவில்லை. கருமாதி அன்றும் அழவில்லை என்று லயத்து வீடுகளில் பேசிக்கொண்டார்கள். அது அவர் காதிலும் விழுந்தது. சரியாகத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

மழை பெய்தால் மட்டும் அவரால் உட்கார முடியாது. தோட்டத்தில் எங்கே போனாலும் தகரக் கூரை. முதல் துளி விழுந்ததுமே கை சில்லிட்டுவிடும். எழுந்து வெளியே போய் நனைந்தபடி நடப்பார். மழை விட்டதும் திரும்பி வருவார். ஏன் என்று கேட்டவர்களுக்கு, உள்ளே புழுக்கமாக இருக்கிறது என்றார்.

ஹாலிஎல வீதியில் பழைய வண்டிகளை விற்கும் ஷுக்ரியின் கார் சேலில் இரண்டு ஆட்டோக்கள் நின்றன. ஷுக்ரிக்கு நாற்பது வயதிருக்கும். வாய் ஓயாமல் பேசுகிற மனுஷர். ஒன்றின் எஞ்சினை ஸ்டார்ட் செய்து காட்டிக்கொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. இருவரும் அலுவலகத்துக்குள் ஓடினார்கள். அதற்கும் தகரம்தான். ஷுக்ரி தேத்தண்ணி ஊற்றித் திரும்பியபோது சிவஞானம் வெளியே, மழைக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார். உதடு வெளுத்திருந்தது.

நெஞ்சு வலி என்றுதான் ஷுக்ரி நினைத்தார். பக்கத்தில் நின்ற கார் ஒன்றின் பின்கதவைத் திறந்து அவரை உள்ளே உட்கார வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, போனை எடுத்துவரத் திரும்பி ஓடினார்.

அது ஒரு கறுப்பு ஜெர்மன் கார். முன்பு கொழும்பில் ஒரு பெரிய ஹோட்டலுக்கு ஓடி, பிறகு பண்டாரவளையில் ஒரு டாக்டரிடம் இருந்து, கடைசியில் யாரும் கேட்காமல் இங்கே ஆறு மாதமாக நின்றுகொண்டிருந்தது. கதவு கனம். அது மூடிய மறுநொடி மழைச் சத்தம் நின்றுவிட்டது. மழை நிற்கவில்லை, கண்ணாடியில் தண்ணீர் கோடு கோடாக இறங்குவது தெரிந்தது. ஆனால் காதுக்கு எதுவும் வரவில்லை. பழைய தோலின் வாசனையும் கொஞ்சம் பூஞ்சண வாசனையும் இருந்தன. சிவஞானம் கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஷுக்ரி வந்து பார்த்தபோது உதட்டில் நிறம் திரும்பியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போவோமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றார். மழை விட ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அதுவரை இறங்கவில்லை.

இறங்கியதும் கேட்டார்: “இது விக்கிறதுக்கா மொதலாளி?”

ஷுக்ரி சிரித்துவிட்டார். பிறகு, கேட்டவர் முகத்தைப் பார்த்து சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

“இது ஒங்களுக்கு வேணாம் அண்ணன். நாலு லட்சத்துப் பன்னெண்டாயிரம் கிலோமீட்டர் ஓடினது. மீட்டர்ல யாரும் கை வெக்கல்ல, அது ஒண்டுதான் இதுல நல்ல விஷயம். கராஜுக்குப் போனா திரும்பி வாராது. ஆட்டோவ எடுங்க.”

வீட்டில் யாரையாவது கூட்டிக்கொண்டு அடுத்த வாரம் வரும்படி சொல்லி அனுப்பிவிட்டார். விற்பனைக்காரர் அப்படிச் சொல்வதை சிவஞானம் அன்றுதான் கேட்டார்.

அடுத்த வாரம் தனியாகத்தான் போனார். அன்று வெயில். பொனட்டைத் திறந்து ஒயில் கம்பியை இழுத்துத் துடைத்துப் பார்த்தார். ரேடியேட்டர் மூடியைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தார். தரை விரிப்பைத் தூக்கி ஈரம் இருக்கிறதா என்று தடவினார். பிறகு ஷுக்ரியைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு ஹாலிஎல வரை ஓட்டிப் போய் வந்தார். இறங்கி, ஒவ்வொன்றாகச் சொன்னார்: இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாறும்போது வழுக்குகிறது; இடது பின்கண்ணாடி இறங்கவில்லை; ரேடியேட்டர் அடியில் வெல்டிங் போட்ட அடையாளம் இருக்கிறது; ஏற்றத்தில் சூடாகும்.

“எல்லாம் தெரிஞ்சிதான் கேக்குறீங்களா?” என்றார் ஷுக்ரி.

“ஆமாங்க.”

கலாராணியின் உயிருக்கு அரசாங்கம் கொடுத்த காசும், தன்னுடைய இ.பி.எப். காசில் பெரும் பகுதியும் அதற்குப் போயின. ஷுக்ரி காரின் பதிவுப் புத்தகத்தையும் சாவியையும் கொடுத்துவிட்டு, பூஞ்சணம் போகக் கரித்துண்டு நாலைந்தை ஒரு துணியில் கட்டி சீட்டுக்கு அடியில் வைக்கும்படி சொன்னார். சிவஞானம் தோட்டத்துக்கு ஓட்டிப் போனபோது மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். துரை வீட்டுக்கு யாரோ வருகிறார்கள் என்று நினைத்தார்களாம்.

யசோதினிக்கு அவர் சொல்லவில்லை. அதே தோட்டத்தில் இருந்த சித்தி சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. போன் போட்டாள். “அது அம்மாவோட காசுப்பா” என்றாள். அவர் “ம்” என்றார். வைத்துவிட்டாள்.

ஏப்ரலில் கட்டுநாயக்க கார்மென்ட் வேலையை விட்டுவிட்டுத் தோட்டத்துக்கு வந்தாள். ஜோர்தானில் ஒரு தையல் பெக்டரிக்கு விசா வந்திருந்தது. மூன்று வருட ஒப்பந்தம். சித்தி வீட்டில் தங்கினாள். இருபத்தாறு வயதுப் பெண், கலாராணியைப் போலவே சின்ன உடம்பு, வேகமான நடை. பத்து நாளில் நாலு தடவை பதுளைக்குப் போனாள். நாலு தடவையும் பஸ்ஸில். கார் ஸ்டோர் முற்றத்தில் நின்றது. அதைத் தாண்டிப் போகும்போது தலையைத் திருப்பாமல் போவாள். மத்தியானம் மழை பிடித்தால் அப்பா அதற்குள் போய் உட்கார்ந்துகொள்வதை அவள் சித்தி வீட்டு வாசலில் நின்று பார்த்திருக்கிறாள். ஒன்றும் கேட்கவில்லை.

பயண நாளன்று பெரிய பெட்டி ஒன்று, சின்னது இரண்டு. மாலைக்குள் மருதானையில் இருந்த ஏஜென்சிக்குப் போக வேண்டும். அங்கிருந்து எல்லாப் பெண்களையும் சேர்த்து அனுப்புவார்கள். சிவஞானம் வந்து, கொண்டுபோய் விடுகிறேன் என்றார். அவள் பெட்டியைப் பார்த்தாள், பஸ் நிற்கும் இறக்கத்தைப் பார்த்தாள். சரி என்றாள். பின்சீட்டில் ஏறப் போனவள், என்ன நினைத்தாளோ, முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

பண்டாரவளை வரை அவள் போனைப் பார்த்தபடி வந்தாள். கஹகொல்லை ஏற்றத்தில் வெப்ப முள் சிவப்புப் பக்கம் போயிற்று. சிவஞானம் தேயிலைக்கரை ஓரமாகக் காரை நிறுத்தி எஞ்சினை அணைத்தார். ஆற வேண்டும், அரை மணி நேரம் போகும் என்றார். அவள் போனில் நேரம் பார்த்தாள். அப்போதுதான் மழை தொடங்கியது, நல்ல மழை. எதிரே வந்த பஸ் விளக்கைப் போட்டுக்கொண்டு போனது. தேயிலைச் செடிகள் ஆடுவது தெரிந்தது. உள்ளே இருவர் மூச்சும்தான் கேட்டது.

யசோதினி கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தாள்.

“சத்தமே இல்ல. இதுக்காகத்தான் வாங்குனீங்களா?”

“ஆமா.”

அவள் காத்திருந்தாள். சிவஞானம் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி சொன்னார். ஐந்து மாதமாக யாரிடமும் சொல்லாததைச் சொன்னார். அன்று காலை அவர் ஸ்டோரில் இருந்தார். பாதை உடைந்து லொறி போகவில்லை. பத்து இருபத்திரண்டுக்குக் கலாவிடமிருந்து போன் வந்தது. ஸ்டோர் தகரத்தில் மழை கல் கொட்டுவதுபோலக் கொட்டிக்கொண்டிருந்தது. அவள் குரல் வந்தது, சொல் எதுவும் புரியவில்லை. வெளியே போய்ப் பேசியிருக்கலாம். நனைய வேண்டுமே என்று போகவில்லை.

“கேக்கல, வையி, பெறகு எடுக்குறேன்னு சொன்னேன். நாப்பத்தோரு செக்கன். போன்ல இன்னும் இருக்கு. மழை பெஞ்சா அந்தக் கொரல்தான் வருது. அவ என்ன சொல்றான்னு மட்டும் வெளங்கல.”

அடுப்புக்குக் கேஸ் முடிந்துவிட்டது என்று சொல்லியிருப்பாள், அல்லது பிள்ளைக் காம்பராவை இன்று திறக்கவில்லை என்று சொல்லியிருப்பாள், இப்படி அவராக ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்ததையும் சொன்னார். கலாராணி அந்தத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில்தான் பதினெட்டு வருடம் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

யசோதினி கண்ணாடியிலிருந்து கையை எடுத்தாள். பிறகு சொன்னது மிகவும் தாழ்ந்த குரலில்.

“எனக்குத் தெரியும்ப்பா, என்ன சொன்னாங்கன்னு.”

அவர் திரும்பினார்.

“ஒங்களுக்கு முன்ன எனக்குத்தான் எடுத்தாங்க. வீட்டுக்குப் பின்னுக்கு ஊத்துத் தண்ணி கலங்கலா வருது, பக்கத்து வீட்டு ஆளுங்க கோயில் மண்டபத்துக்குப் போறாங்க, நானும் போகவான்னு கேட்டாங்க. நான் பெக்டரியில மெஷின் லைன்ல நின்னேன். சுப்பவைசர் பாத்துக்கிட்டே இருந்தா. அப்பாகிட்ட கேட்டுட்டுப் போங்கன்னு சொல்லி வச்சிட்டேன்.” கொஞ்சம் நிறுத்தினாள். “போயிரும்மான்னு சொல்லிருக்கலாம். ஒரு வார்த்ததான.”

அவள் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். சிவஞானம் பார்த்துக்கொண்டிருந்தார். தனக்கும் இப்போது ஏதாவது வரும் என்று எதிர்பார்த்தார். ஒன்றும் வரவில்லை. அந்த நாற்பத்தோரு வினாடிக்குள் இருந்தது ஒரு கேள்வி என்பது மட்டும் மனதில் வந்து உட்கார்ந்தது. கேஸும் இல்லை, பிள்ளைக் காம்பராவும் இல்லை. போகட்டுமா என்று கேட்டிருக்கிறாள். பதில் வரும் என்று வீட்டிலேயே இருந்திருக்கிறாள்.

“நீ சொல்லாட்டியும் என்னத்தான் கேட்டிருப்பா,” என்றார். “கல்யாணம் கட்டுன நாள்ல இருந்து சந்தைக்குப் போறதுன்னாலும் கேட்டுட்டுத்தான் போவா. ஒன் மேல ஒண்ணுமில்ல புள்ள.”

அவளைத் தேற்றுவதற்காக அவர் அதைச் சொல்லவில்லை. நடந்தது அப்படித்தான் என்று தெரிந்து சொன்னார். அவளுக்கும் அது புரிந்திருக்க வேண்டும். அழுகை மெல்ல ஓய்ந்தது. அவர் கையை நீட்டி அவள் தலையில் வைத்தார். எவ்வளவு நேரம் வைத்திருப்பது என்று தெரியாமல் வைத்திருந்தார்.

மழை குறைந்ததும் இறங்கி ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றினார். அவளும் இறங்கிப் போத்தலைப் பிடித்துக்கொண்டாள். பெரகலை இறக்கத்தில் கார் அலுங்காமல் போயிற்று. பலாங்கொடையில் நிறுத்திச் சோறு சாப்பிட்டார்கள். அங்கிருந்து மருதானை வரை அவள் தூங்கிக்கொண்டே வந்தாள்.

ஏஜென்சி வாசலில் ஏற்கெனவே பத்துப் பன்னிரண்டு பெண்கள் பெட்டிகளோடு நின்றார்கள். சிவஞானம் பெட்டிகளை இறக்கி வைத்தார். அவள் குனிந்து அவர் காலைத் தொட்டு எழுந்தாள். பிறகு காரை, முன்னாலிருந்து பின்னால் வரை, முதல் தடவையாக நன்றாகப் பார்த்தாள்.

“மொத சம்பளத்துல அனுப்புறேன். ரேடியேட்டர மாத்துங்கப்பா. வெல்டிங்க நம்பி ஓட்டாதீங்க.”

அவர் சரி என்றார்.

ஜூன் மாதத்தில் காசு வந்தது. ஷுக்ரி எங்கோ தேடி ஒரு ரேடியேட்டர் எடுத்துக் கொடுத்தார், கூலியும் வாங்கவில்லை. ஜூலையில் பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து கல்யாண ஹயர் ஒன்றைப் பிடித்துக் கொடுத்ததும் அவர்தான். சிவஞானம் விடியற்காலையிலேயே காரைக் கழுவித் துடைத்து வைத்தார். மாப்பிள்ளை வீட்டுப் பையன்கள் பொனட்டில் பூ கட்டினார்கள். பொண்ணையும் மாப்பிள்ளையையும் கோயிலிலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, வழக்கம்போல ஓரமாகக் காரை நிறுத்தி உள்ளேயே உட்கார்ந்திருந்தார். பொண்ணுடைய தகப்பன் வந்து, “அண்ணே, பந்தி போட்டாச்சு, வாங்க” என்றார். பிறகு சாப்பிடுகிறேன் என்றார் சிவஞானம். அந்த மனுஷர் போகவில்லை. கதவைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.

சிவஞானம் கண்ணாடியை ஏற்றினார். இறங்கிப் போய்க் கை கழுவி, பந்தியில் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவர் எந்தத் தோட்டம் என்று கேட்டார். சொன்னார். அந்த ஆளுக்கு மண்சரிவு விஷயம் தெரிந்திருந்தது. வேறொன்றும் கேட்காமல் பருப்பு வாளியைத் தூக்கி அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். சிவஞானம் இரண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.